ஒரே ஆலை, இரண்டு பெயர்ப்பலகை: வீட்டு ஏ.சி., ஹீட்டிங் பிராண்டுகளையும் அவற்றின் வாரண்டியையும் ஒப்பிடும் முறை

வீட்டின் ஏ.சி.யையோ, எரிபொருளை எரித்து வீட்டைச் சூடேற்றும் ஃபர்னஸையோ மாற்றவேண்டிய கட்டாயம் வந்ததும் மூன்று ஒப்பந்தக்காரர்களிடம் விலைப்புள்ளி கேட்கிறோம். ஒருவர் கேரியர் என்கிறார், அடுத்தவர் பிரையன்ட் என்கிறார், மூன்றாமவர் அவை இரண்டையும் விட ட்ரேன்தான் மேல் என்கிறார். மூன்று தாள்களிலும் "10 ஆண்டு வாரண்டி" என்பது கொட்டை எழுத்தில் அச்சாகியிருக்கும். அந்தப் பத்து ஆண்டுகளுக்குள் எதற்கு யார் பணம் கொடுப்பார்கள் என்பது மட்டும் எந்தத் தாளிலும் இருக்காது. மத்திய ஏ.சி., குளிரூட்டவும் சூடேற்றவும் செய்யும் ஹீட் பம்ப், கேஸ் ஃபர்னஸ் ஆகியவை பெருமளவில் விற்பனையாகும் வட அமெரிக்கச் சந்தையில் இந்தக் குழப்பம் மற்ற இடங்களைவிட அதிகம், ஏனென்றால் அங்கே ஒரே நிறுவனம் பல பெயர்களில் விற்கிறது. அந்தச் சந்தையில் வாங்குபவருக்கான வழிகாட்டி இது. ஒரே குடும்பத்துப் பிராண்டுகளுக்குள் தேர்வு செய்யும்போது பெட்டியின் மேலுள்ள பெயருக்கு மிகக் குறைந்த மதிப்பெண்ணும், வாரண்டி ஆவணத்துக்கும் பொருத்தித் தருபவரின் வேலைக்கும் மிக அதிக மதிப்பெண்ணும் கொடுக்கவேண்டும் என்பது என் முடிவு. அதற்கான காரணங்கள் கீழுள்ள படிகளில் வருகின்றன.

முதல் படி: எந்தப் பெயர் எந்தக் குடும்பம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

கேரியரும் பிரையன்டும் 1955 முதல் ஒரே நிறுவனத்தின் கீழ் இருப்பவை. பெய்ன் என்ற சிக்கன வரிசையும் அதே குடும்பம்தான். 1999-இல் இன்டர்நேஷனல் கம்ஃபர்ட் புராடக்ட்ஸை கேரியர் வாங்கியபோது ஹெய்ல், டெம்ப்ஸ்டார், கம்ஃபர்ட்மேக்கர் போன்ற பெயர்களும் இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தன. ட்ரேனை 1984-இல் அமெரிக்கன் ஸ்டாண்டர்டு வாங்கியது. அந்த இரண்டு பெயர்களும் 2008-இல் இங்கர்சால் ரேண்டுக்குச் சென்று, 2020 முதல் ட்ரேன் டெக்னாலஜீஸ் என்ற பெயரில் இயங்குகின்றன. குட்மேன், அமானா இரண்டும் 2012 முதல் ஜப்பானின் டைக்கின் கையில் உள்ளன. ரீமும் ரூடும் ஒரு குடும்பம். யார்க், கோல்மன், லக்சேர் ஆகியவை ஜான்சன் கன்ட்ரோல்ஸிடம் இருந்து 2025-இல் பாஷ் நிறுவனத்துக்குக் கைமாறின. லெனாக்ஸுக்கு ஆம்ஸ்ட்ராங் ஏர், டுகேன் என்ற உடன்பிறப்புகள் உண்டு.

இதில் அமானாவின் கதை தனி. அமானா என்ற பெயரில் விற்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் அமானா ஏ.சி.க்கும் இன்று தொழில் தொடர்பு எதுவும் கிடையாது, ஏ.சி.யின் மேல் இருப்பது உரிமம் பெற்றுப் பயன்படுத்தும் பெயர். பழகிய பெயர் என்பதற்காக மட்டும் ஒன்றை நம்புபவர்கள் இதை நினைவில் கொள்வது நல்லது. விற்பனையாளர்கள் விரும்பிச் சொல்லும் இன்னொரு செய்தி, 1902-இல் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்காக வில்லிஸ் கேரியர் முதல் நவீனக் குளிரூட்டும் அமைப்பை வடிவமைத்தார் என்பது. உண்மைதான், பெருமைக்குரியதும்கூட. ஆனால் நம் வீட்டுக்குப் பின்னால் நிற்கப்போகும் யூனிட்டில் குளிரூட்டும் வாயு ஓடும் சுருள் குழாயான காயில் (coil) ஆறாம் ஆண்டில் ஒழுகுமா என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை.

இரண்டாம் படி: உள்ளே இருப்பது ஒன்றுதானா என்று பாருங்கள்

ஒரே குடும்பத்தின் இரண்டு பிராண்டுகளில், ஒரே தர வரிசையில் உள்ள யூனிட்டுகளை அருகருகே வைத்தால், தகர உறையின் வடிவமும் கிரில்லும் நிறமும் மாறியிருக்கும். கம்ப்ரஸர், காயில், மின்விசிறி மோட்டார், கன்ட்ரோல் போர்டு ஆகியவை பெரும்பாலும் ஒன்றாகவோ, ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்தக்கூடியவையாகவோ இருக்கும். வேறு வேறு குடும்பங்களுக்கு இடையிலும் ஒற்றுமை உண்டு. கோப்லேண்ட் நிறுவனத்தின் ஸ்க்ரோல் கம்ப்ரஸரைப் போட்டியாளர்கள் பலரும் வாங்கிப் பொருத்துகிறார்கள். ஆகவே பெயரை வைத்து ஒப்பிடுவதை விட்டுவிட்டு வரிசையை வைத்து ஒப்பிட வேண்டும். ஏறக்குறைய எல்லா நிறுவனங்களும் மூன்று தட்டுகளில் விற்கின்றன: ஒரே வேகத்தில் ஓடும் அடிப்படை மாடல், இரு வேக மாடல், தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வர்ட்டர் மாடல். ஒரு பிராண்டின் அடிப்படை மாடலையும் மற்றொன்றின் இன்வர்ட்டரையும் அருகில் வைத்து "அது சத்தம் போடுகிறது, இது போடவில்லை" என்று தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை.

விலைப்புள்ளியில் பிராண்டு பெயரும் டன் அளவும் மட்டும் இருந்தால் அதைத் திருப்பிக் கொடுத்து, வெளி யூனிட், உள் யூனிட் இரண்டின் முழு மாடல் எண்ணையும் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த எண்ணைப் படிப்பது கடினமில்லை. எழுத்துகளுக்கு நடுவே 024, 036, 048, 060 போன்ற ஓர் எண் வரும். அது மணிக்கு எத்தனை ஆயிரம் பி.டி.யூ. (வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பத்தை யூனிட் வெளியேற்றும் என்பதைக் குறிக்கிறது. ஒரு டன் என்பது 12,000 பி.டி.யூ. ஆதலால் 036 என்றிருந்தால் அது மூன்று டன். மூன்று பேரும் மூன்று வேறு டன் அளவுகளைச் சொல்லியிருந்தால் ஒப்பீடு அங்கேயே நின்றுவிடுகிறது. முதலில் மேனுவல் ஜே என்ற வெப்பச் சுமைக் கணக்கை யார் உண்மையில் போட்டார் என்று கேளுங்கள். பழைய யூனிட்டின் தகட்டைப் பார்த்து அதே அளவை எழுதிக் கொடுப்பவர் கணக்குப் போடவில்லை.

அடுத்து, இரண்டு யூனிட்டும் ஜோடியாகச் சோதிக்கப்பட்டவையா என்று பாருங்கள். ஏ.எச்.ஆர்.ஐ. என்ற தொழில்துறை அமைப்பு ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு சான்று எண் வைத்திருக்கிறது. அதன் பட்டியலை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். விளம்பரத்தில் உள்ள செயல்திறன் எண் வெளி யூனிட்டுக்கு மட்டும் உரியதன்று, அந்த ஜோடிக்கு உரியது. பொருந்தாத ஜோடியைப் பொருத்தினால் செயல்திறன் குறைவதோடு, சில நிறுவனங்களில் வாரண்டிக்கும் சிக்கல் வரும்.

செயல்திறன் எண்களில் ஒரு பொறி இருக்கிறது. 2023 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் குளிரூட்டும் செயல்திறனைக் காட்டும் பழைய சீயர் (SEER) அளவீட்டுக்குப் பதிலாக சீயர்2 நடைமுறைக்கு வந்தது. காற்றுக் குழாய்களின் உண்மையான எதிர்ப்பைச் சோதனையில் கூடுதலாகக் கணக்கில் எடுப்பதால் புதிய எண் சற்றுக் குறைவாக இருக்கும். பழைய 16 சீயரும் புதிய 15.2 சீயர்2-உம் ஏறத்தாழ ஒன்றே. ஒரு விலைப்புள்ளியில் பழைய எண்ணும் இன்னொன்றில் புதிய எண்ணும் இருந்தால், முதலாவது சிறந்ததுபோலத் தோன்றும். இரண்டையும் ஒரே அளவீட்டில் கேட்டு வாங்குங்கள்.

மூன்றாம் படி: வாரண்டி ஆவணத்தை இந்த வரிசையில் படியுங்கள்

விளம்பரத் தாளையும் விற்பனையாளரின் வாய்மொழியையும் ஒதுக்கி வைத்துவிட்டு, குறிப்பிட்ட மாடல் எண்ணுக்குரிய வாரண்டிச் சான்றிதழையே கேட்டுப் பெறுங்கள். அமெரிக்காவில் 1975-இல் இயற்றப்பட்ட மேக்னசன்–மாஸ் வாரண்டிச் சட்டத்தின்படி, எழுத்து வடிவ வாரண்டியை வாங்குவதற்கு முன்பே வாங்குபவருக்குக் காட்டவேண்டிய கடமை விற்பவருக்கு உண்டு. அது முழு வாரண்டியா வரையறுக்கப்பட்ட வாரண்டியா என்பதையும் தெளிவாகக் குறிப்பிட வேண்டும். வீட்டுக் குளிரூட்டி, சூடேற்றிகளுக்குக் கிடைப்பது ஏறக்குறைய எப்போதும் வரையறுக்கப்பட்டதுதான். "பொருத்தி முடித்த பிறகு பெட்டிக்குள் இருக்கும், பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்பவரிடம் பணிவாக, ஆனால் உறுதியாக, இப்போதே வேண்டும் என்று சொல்லுங்கள்.

முதலில் பதிவு பற்றிய பத்தியைத் தேடுங்கள், ஏனென்றால் அதிகம் பேர் இழப்பது அங்கேதான். பெரிய பிராண்டுகள் பலவற்றில் 10 ஆண்டு உதிரிபாக வாரண்டி என்பது பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே உரியது; பொருத்திய நாளிலிருந்து 60 நாட்களுக்குள், சிலவற்றில் 90 நாட்களுக்குள், நிறுவனத்தின் இணையதளத்தில் பதிவு செய்யாவிட்டால் அது 5 ஆண்டுகளாகச் சுருங்கிவிடும். கலிஃபோர்னியாவிலும் கனடாவின் கியூபெக்கிலும் வாரண்டியின் அளவைப் பதிவோடு முடிச்சுப்போடச் சட்டம் இடம் தருவதில்லை. மற்ற இடங்களில் நாள் தவறினால் தவறியதுதான். ஒப்பந்தக்காரர் "நாங்களே பதிவு செய்துவிடுவோம்" என்பார். பலர் செய்கிறார்கள், சிலர் மறக்கிறார்கள்.

இரண்டாவதாக, எந்த நாளிலிருந்து கணக்குத் தொடங்குகிறது என்று பாருங்கள். பொருத்திய நாளை ரசீது மூலம் நிரூபிக்க முடிந்தால் அந்த நாள். முடியாவிட்டால், தயாரித்த நாளை ஒட்டி நிறுவனமே ஒரு நாளைக் குறித்துக்கொள்ளும். கிடங்கில் ஓராண்டு கிடந்த யூனிட்டுக்கு ரசீது இல்லையென்றால் அந்த ஓராண்டு வாங்கியவர் தலையில் விழுகிறது. தயாரித்த நாளைச் சீரியல் எண்ணிலேயே பார்த்துவிடலாம்: கேரியர் குடும்பத்தில் முதல் இரண்டு இலக்கங்கள் வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும், குட்மேனில் முதல் இரண்டு ஆண்டு, அடுத்த இரண்டு மாதம். பொருத்த வரும் அன்று, பழையதைக் கழற்றுவதற்கு முன்னால், இறக்கிவைத்த பெட்டியின் மேலுள்ள சீரியல் எண்ணைப் பார்ப்பதற்கு அரை நிமிடம் போதும்.

மூன்றாவது, பாகவாரியான காலம். கம்ப்ரஸர், காயில், மற்ற உதிரிபாகங்கள், எரியும் சூட்டை வீட்டுக் காற்றுக்கு மாற்றும் ஃபர்னஸின் ஹீட் எக்ஸ்சேஞ்சர் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் காலங்கள் இருக்கும். ஹீட் எக்ஸ்சேஞ்சருக்கு 20 ஆண்டு அல்லது "ஆயுட்காலம்" என்று போட்டிருப்பதைப் பார்த்து முழு ஃபர்னஸுக்கும் அப்படி என்று எண்ணிவிடக் கூடாது. அதே ஃபர்னஸில் தீ மூட்டும் இக்னைட்டர், போர்டு, காற்றைத் தள்ளும் ப்ளோயர் மோட்டாருக்கு 10 ஆண்டே இருக்கும், அடிக்கடி பழுதாவதும் இவைதான். "ஆயுட்காலம்" என்பதற்கும் ஆவணத்துக்குள் ஒரு வரையறை இருக்கும்: பதிவு செய்த முதல் உரிமையாளர் அந்த வீட்டில் வசிக்கும் வரை என்பதே வழக்கமான பொருள். அமானாவின் சில மாடல்களில் முக்கியப் பாகம் பழுதானால் யூனிட்டையே மாற்றித் தரும் வாரண்டி உண்டு. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த குட்மேனும் அமானாவும் உண்மையில் பிரியும் இடம் இதுதான். இயந்திரத்தில் பெரிய வேறுபாடு இல்லாதபோது, கூடுதல் விலைக்கு ஈடாகக் கிடைப்பது இந்தக் காகிதம். அந்த வீட்டிலேயே பதினைந்து ஆண்டுகள் இருக்கப் போகிறவருக்கு அது பெறுமதி உள்ளது. மூன்றாண்டில் விற்றுவிட்டுப் போகிறவருக்கு அனேகமாகப் பயனற்றது.

வீட்டை விற்கப் போகிறவருக்குப் பொருத்தமானது வேறொரு பத்தி, வாரண்டி கைமாறுமா என்பது. சில நிறுவனங்கள் வீடு கைமாறியதும் வாரண்டியை 5 ஆண்டுக் கணக்குக்கு இறக்கிவிடுகின்றன. சில, குறித்த நாட்களுக்குள் புதிய உரிமையாளர் விண்ணப்பித்தால் மீதியைத் தொடர அனுமதிக்கின்றன. வாடகைக்கு விடும் வீடாக இருந்தால் உரிமையாளர் குடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கடைசியாக விலக்குகள். எழுத்து மிகச் சிறியதாக இருக்கும், விட்டுவிடாதீர்கள். தவறாகப் பொருத்தியது, பராமரிப்பு இல்லாதது, மின்னழுத்த ஏற்ற இறக்கம், வெள்ளம், உப்புக் காற்றின் அரிப்பு ஆகியவற்றால் வந்த பழுதுக்குப் பொறுப்பில்லை என்று பெரும்பாலான ஆவணங்கள் சொல்கின்றன. இணையத்தில் தனியாக வாங்கி, உரிமம் இல்லாத ஒருவரைக் கொண்டு பொருத்தினால் வாரண்டியே கிடையாது என்று சொல்பவையும் உண்டு. ஒன்றை மட்டும் பிரித்தறிய வேண்டும். தகுதியுள்ள டெக்னீஷியன் பராமரிக்க வேண்டும் என்று கேட்பது முறையானது. எங்கள் பிராண்டின் வடிகட்டியைத்தான் போட வேண்டும், எங்கள் முகவரைத்தான் அழைக்க வேண்டும் என்று, அதை இலவசமாகத் தராமல், நிபந்தனை விதிப்பதை மேலே சொன்ன அதே 1975 சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை.

நான்காம் படி: எட்டாம் ஆண்டில் கம்ப்ரஸர் எரிந்தால் என்னவாகும் என்று எழுதிப் பாருங்கள்

வாரண்டிகளை ஒப்பிட இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியவில்லை. ஒரு தாளில் நடுவே கோடு கிழித்து, ஒருபுறம் நிறுவனம் கொடுப்பது, மறுபுறம் நாம் கொடுப்பது என்று பிரித்துக்கொள்ளுங்கள். உதிரிபாக வாரண்டி 10 ஆண்டு. ஆகவே கம்ப்ரஸர் இலவசம். அது நிறுவனத்தின் பக்கம். இனி வேலையைப் பாருங்கள்: டெக்னீஷியன் வந்து பழுதைக் கண்டறிய வேண்டும், யூனிட்டில் உள்ள குளிரூட்டும் வாயுவை வெளியே விடாமல் கருவி வைத்து மீட்டெடுக்க வேண்டும், பழைய கம்ப்ரஸரின் செம்புக் குழாய் இணைப்புகளைப் பிரித்து, புதியதை வைத்துப் பற்றவைக்க வேண்டும், குழாயில் ஈரத்தையும் தூசியையும் பிடிக்கும் ஃபில்டர் டிரையரை மாற்ற வேண்டும், நைட்ரஜன் அழுத்தத்தில் ஒழுக்குச் சோதனை செய்து, வேக்குவம் பம்பால் ஈரத்தையும் காற்றையும் இழுத்துவிட்டு, மீண்டும் எடை பார்த்து வாயு ஏற்ற வேண்டும். பாகத்தைக் கொண்டுவரும் சரக்குக் கட்டணமும் உண்டு. இத்தனையும் நம் பக்கத்துக் கோட்டுக்குள் விழுகின்றன, ஏனென்றால் நிறுவனங்களின் வழக்கமான வாரண்டியில் கூலியும் இல்லை, வாயுவும் இல்லை. உள் காயில் ஒழுகினாலும் இதே கதைதான், பொருள் அவர்களுடையது, செலவு நம்முடையது.

கூலிக்கான வாரண்டி மூன்று இடங்களிலிருந்து வரலாம், மூன்றுக்கும் தரம் வேறு. பொருத்துபவர் தாமாகத் தரும் ஓரிரு ஆண்டு, அவர் தொழிலில் இருக்கும் வரைதான் செல்லும். நிறுவனத்தின் பெயரில் வரும் நீட்டித்த கூலி ஒப்பந்தத்துக்கு அதே பிராண்டின் வேறு முகவரையும் அழைக்கலாம். காப்பீடு போன்ற மூன்றாம் தரப்பு ஒப்பந்தம் என்றால், கூலி முழுதும் கிடைக்குமா அல்லது அவர்கள் நிர்ணயித்த தொகை மட்டுமா, பழுது கண்டறியும் கட்டணமும் வாயுவும் அதில் சேருமா, ஆண்டுப் பராமரிப்பு ரசீது கேட்பார்களா என்பவற்றை எழுத்தில் வாங்குங்கள். என் கணிப்பில், 12 ஆண்டு உதிரிபாக வாரண்டி மட்டும் உள்ள யூனிட்டைவிட, 10 ஆண்டு உதிரிபாகத்தோடு நம்பகமான 10 ஆண்டுக் கூலியும் உள்ள யூனிட் மேலானது. பெரிய எண்ணைப் பார்த்து மயங்குபவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

இன்னொரு நுணுக்கம்: வாரண்டியில் மாற்றித் தரும் பாகத்துக்குப் புதிதாக 10 ஆண்டு தொடங்காது. எட்டாம் ஆண்டில் வந்த கம்ப்ரஸருக்கு மீதி இரண்டு ஆண்டே வாரண்டி.

ஐந்தாம் படி: வாயுவும் கன்ட்ரோலும்

குளிரூட்டும் வாயுவின் பெயரும் விலைப்புள்ளியில் இருக்க வேண்டும். புவி வெப்பமாக்கும் மதிப்பு 700-க்கு மேலுள்ள வாயுவில் இயங்கும் புதிய வீட்டு அமைப்புகளின் தயாரிப்பை அமெரிக்கா 2025 ஜனவரி 1 முதல் தடுத்ததால், 2,088 மதிப்புள்ள ஆர்-410ஏ ஓரங்கட்டப்பட்டது. கேரியர், ட்ரேன், லெனாக்ஸ் குடும்பங்கள் 466 மதிப்புள்ள ஆர்-454பி-யையும், டைக்கின், குட்மேன், அமானா 675 மதிப்புள்ள ஆர்-32-ஐயும் தேர்ந்தெடுத்தன. இரண்டும் மெதுவாகத் தீப்பற்றக்கூடியவை ஆதலால், அவற்றைக் கையாளப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். 2025-இல் ஆர்-454பி சிலிண்டர்களுக்குத் தட்டுப்பாடு வந்து ஒப்பந்தக்காரர்கள் திண்டாடினார்கள்; வாயு வாரண்டியில் சேராது என்று முன்பு பார்த்ததை இதோடு சேர்த்துப் படியுங்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய ஆர்-410ஏ சரக்கை வாங்குபவர், பின்னாளில் ஒரு பாதி மட்டும் பழுதானால் அதே வாயுவுக்குரிய ஜோடியைத் தேடவேண்டி வரும்.

உயர் வரிசை மாடல்களில் தெர்மோஸ்டாட்டும் யூனிட்டுகளும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் கன்ட்ரோல் முறை இருக்கும்: கேரியரில் இன்ஃபினிட்டி, பிரையன்டில் எவல்யூஷன், லெனாக்ஸில் ஐகம்ஃபர்ட். அவை நன்றாகவே இயங்குகின்றன. ஆனால் அந்தப் போர்டு பழுதானால் பொதுக் கடையில் கிடைக்கும் மாற்றுப் போர்டைப் போட முடியாது. வாரண்டி முடிந்த பின் வரும் செலவையும் சேர்த்து எண்ணுபவருக்கு, எந்தத் தெர்மோஸ்டாட்டையும் ஏற்கும் நடு வரிசை மாடல் நல்ல தேர்வு.

ஆறாம் படி: பொருத்துபவரைத் தேர்ந்தெடுங்கள், பின் காகிதங்களைச் சேருங்கள்

வேக்குவம் சரியாக இழுக்காமலும், வாயுவை எடை பார்க்காமலும், குறுகலான டக்ட்டில் (காற்றுக் குழாயில்) பெரிய யூனிட்டை மாட்டியும் போனால் எந்தப் பிராண்டும் தாங்காது. அப்போது "தவறான பொருத்துதல்" என்ற விலக்கைக் காட்டி நிறுவனம் ஒதுங்கிக்கொள்ளும். ஆகவே ஒப்பந்தக்காரரிடம் கேட்கவேண்டிய கேள்விகள் பிராண்டைப் பற்றியவை அல்ல. வேக்குவம் எத்தனை மைக்ரான் (வேக்குவத்தை அளக்கும் அலகு) வரை இறங்கியது, டக்ட்டின் ஸ்டேட்டிக் அழுத்தம் (காற்றோட்டத்துக்கு உள்ள எதிர்ப்பு) எவ்வளவு, வாயு எவ்வளவு ஏற்றப்பட்டது ஆகிய மூன்றையும் அளந்து எழுதித் தருவீர்களா என்று கேளுங்கள். தயங்காமல் தருகிறேன் என்பவர் விலையில் சற்றுக் கூடுதலாக இருந்தாலும் அவரிடமே கொடுக்கலாம்; அவர் பிரையன்ட் விற்கிறாரா கேரியர் விற்கிறாரா என்பது இரண்டாம்பட்சம்.

வேலை முடிந்த அன்றே வெளி யூனிட், உள் யூனிட், ஃபர்னஸ் ஆகிய எல்லாத் தகடுகளையும் தனித்தனியாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் பதிவு செய்துவிட்டு மற்றொன்றை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. ஒவ்வொரு சீரியல் எண்ணுக்கும் தனிப் பதிவு வேண்டும். ஒப்பந்தக்காரர் செய்துவிட்டதாகச் சொன்னாலும் இரண்டு வாரம் கழித்து நிறுவனத்தின் தளத்தில் சீரியல் எண்ணைப் போட்டு, உங்கள் பெயர், முகவரி, பொருத்திய நாள், முடியும் நாள் ஆகியவை சரியாக உள்ளனவா என்று பார்த்து, உறுதிப்படுத்தும் பக்கத்தை அச்செடுத்து வையுங்கள். பொருத்திய ரசீது, அளவீட்டுத் தாள், ஏ.எச்.ஆர்.ஐ. சான்று, அரசு அனுமதிச் சீட்டு, ஆண்டுதோறும் வரும் பராமரிப்பு ரசீதுகள் எல்லாம் ஒரே உறையில் இருக்கட்டும். முதல் பழுதுக்கு அழைக்கும்போது டெக்னீஷியன் வருவதற்கு முன்பே சீரியல் எண்ணையும் வாரண்டி முடியும் நாளையும் அவருக்கு அனுப்பிவிடுங்கள். பாகம் வாரண்டியில் வருமா என்பதை அவர் விநியோகஸ்தரிடம் கேட்டுவிட்டு வருவார், கட்டணச் சீட்டில் பாகத்தின் விலையும் கூலியும் தனித்தனி வரிகளாக இருக்கின்றனவா என்று நீங்கள் சரிபார்க்கலாம்.